பேசாதவன் என்று யாரைச் சொல்கிறோம்?

சென்ற மாதம் நம் மன்றத்தின் செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. முதலாண்டு மாணவர்களுக்கு ‘ஆளுமை வளர்ச்சி’ வகுப்பு நடத்த வேண்டும். வகுப்பு நடக்கும் மூன்று மாதமும் மன்றத்தின் கூட்டங்களில் ஆங்கிலமே பேச வேண்டும். தமிழில் பேசுகிறவர் பத்து ரூபாய் உண்டியலில் போட வேண்டும். யோசனை சொன்னவர்கள் என் நண்பர்கள். நம் தம்பிமார் வகுப்பில் வாய் திறப்பதில்லையே, நேர்முகத் தேர்வில் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டு வருகிறார்களே என்ற கவலை அவர்களுக்கு. அந்தக் கவலை எனக்கும் உண்டு. மருந்துதான் பிடிக்கவில்லை. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருப்பதால், அதற்குள் என் கருத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

நம் விடுதியில் ஒரு முதலாண்டுத் தம்பி இருக்கிறான். தமிழ்வழிப் பள்ளியில் படித்து வந்தவன். டிசம்பர்க் குளிரில் ஒரு நாள் வகுப்பில் ஆசிரியர் கேட்டாராம்: இரும்புக் கட்டிலும் மரப் பெஞ்சும் ஒரே அறையில் இரவெல்லாம் கிடக்கின்றன, தொட்டால் இரும்பு மட்டும் ஏன் அதிகமாகச் சில்லிடுகிறது? இவன் எழுந்து நின்றான். நின்றதோடு சரி. ஆசிரியர் சிறிது பொறுத்துவிட்டு அடுத்தவனைக் கேட்டார். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அதே கேள்வியைத் தமிழில் எடுத்துக்கொண்டு அவன் பேசினான் பாருங்கள்! இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான், அண்ணே; இரும்பு நம் கைச்சூட்டை வாங்கி வாங்கி உள்ளே கடத்திக்கொண்டே போகிறது, மரம் வாங்கிய இடத்திலேயே வைத்துக்கொள்கிறது; நமக்குத் தெரிவது இரும்பின் குளிர் அல்ல, கையை விட்டுச் சூடு ஓடுகிற வேகம் என்றான். எதிரே இருந்த இரண்டாமாண்டு மாணவர் இருவருக்கு அது அன்றுதான் விளங்கியது. அவர்கள் என்னிடம் ஒப்புக்கொண்டார்கள், பெயரைச் சொல்லமாட்டேன்.

இந்தப் பையனைப் பற்றி அவன் வகுப்பில் நிலவும் கருத்து என்ன? ‘கூச்ச சுபாவம்’, ‘கொஞ்சம் மந்தம்’. நான் இங்கு வந்த ஆண்டில் என்னைப் பற்றியும் இதையே சொன்னார்கள். சில நாள் நானும் நம்பினேன்.

உள்ளத்தில் எதையும் வைத்துத் திருப்பிப் பார்க்கும் இடம் மிகச் சிறியது என்பது உளவியலார் பல்லாண்டுகளாகக் கண்டறிந்த உண்மை. ஒரு சிறு மேசை என்று கொள்ளுங்கள். கேள்வியை அதில் வைக்கிறோம், தெரிந்த செய்திகளை எடுத்துவந்து பக்கத்தில் வைக்கிறோம், பொருத்திப் பார்க்கிறோம். பழகிய மொழியில் சொற்கள் தாமாக வந்துவிடுவதால் மேசை முழுவதும் சிந்தனைக்கே கிடைக்கிறது. பழகாத மொழியிலோ வினைச்சொல்லுக்குக் காலம் சரியா, எழுவாய் ஒருமையா பன்மையா என்று பாதி மேசையை இலக்கணம் அடைத்துக்கொள்ளும். விடை தயாராக இருந்தாலும் வாக்கியம் தயாராவதற்குள் மணியடித்துவிடும்.

இதிலே வேல்சு நாட்டுப் பிள்ளைகளின் கதை ஒன்று உண்டு. அறிவுச் சோதனைகளில் சில எண்களை வரிசையாகச் சொல்லி, திருப்பிச் சொல்லும்படி கேட்பார்கள். வேல்சு மொழியில் இந்தச் சோதனை எழுதிய பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே மதிப்பெண் பெற்றார்கள். நினைவாற்றல் குறைவோ என்ற ஐயம் எழுந்தது. 1980இல் எல்லிஸ், ஹென்னெலி என்ற இருவர் காரணத்தை ஆராய்ந்தார்கள். வேல்சு மொழியின் எண்ணுப் பெயர்களை உச்சரிக்க நேரம் கூடுதலாகிறது, அவ்வளவுதான்! இருமொழியும் தெரிந்தவர்களை இரண்டிலும் சோதித்தபோது, ஆங்கிலத்தில் கூடுதல் எண்கள் நினைவில் நின்றன. எண்ணிக்கையை விட்டு உச்சரிக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் ஆங்கிலத்துக்கு மேன்மை ஏதுமில்லை. அளந்தது நாவின் நீளத்தை. மதிப்பெண் விழுந்ததோ மூளைக்கு. (நம் ‘தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதை’ ஒருமுறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், அவர்கள்மேல் இரக்கம் வரும்.)

அறிவு இருக்கட்டும், உணர்ச்சிக்கு வருவோம். 2003இல் கேத்தரீன் ஹாரிசும் அவருடன் ஆராய்ந்தவர்களும் துருக்கிய மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களின் விரல் நுனியில் கருவி பொருத்தி, இரு மொழிகளிலும் சொற்களைக் காட்டியும் ஒலிக்கச் செய்தும் பார்த்தார்கள். வசைச் சொற்களுக்கும், ‘வெட்கமாயில்லை உனக்கு?’ என்பது போன்ற சிறுவயது அதட்டல்களுக்கும் தாய்மொழியில்தான் உடம்பு அதிகமாகப் பதறியது. இரண்டாம் மொழியில் பொருள் விளங்கியது. விரல் அவ்வளவாக வியர்க்கவில்லை. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று பெயரிட்டு ஒரு தனி இயலே வகுத்திருக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளுக்கும் தனித்தனியே நான்கு நிலைக்களன்களும் சொல்கிறது. பெருமிதத்துக்குச் சொல்லும் நான்கில் கல்வியும் ஒன்று. படித்ததனால் நிமிர்ந்து நிற்க வேண்டியவன் படிக்கும் இடத்திலேயே குனிந்து நிற்கிறான் என்றால், அதற்கு அபராத உண்டியலா மருந்து?

மறுபக்கமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. அயல்மொழி உணர்ச்சியைக் குளிர்விப்பதில் நன்மையும் இருக்கிறது. அறுநூறு பேருக்கு ஒரு நோய். ஒரு மருந்து ‘இருநூறு பேரைக் காக்கும்’ என்றால் மக்கள் அதை விரும்பி எடுக்கிறார்கள். அதே மருந்தை ‘நானூறு பேர் இறப்பார்கள்’ என்று சொன்னால் ஒதுங்குகிறார்கள். கணக்கு ஒன்றே. ட்வெர்ஸ்கியும் கானமனும் 1981இல் காட்டிய இந்தத் தடுமாற்றம், அயல்மொழியில் கேட்டவர்களிடம் காணாமற் போயிற்று என்று 2012இல் சிகாகோவின் போவாஸ் கீசாரும் அவர் குழுவினரும் எழுதினார்கள். ஆகவே வேலையை ஏற்பதா, கடன் வாங்குவதா என்று முடிவு செய்யும்போது ஆங்கிலத்தில் ஒருமுறை யோசித்துப் பார்ப்பதில் தவறில்லை. இருமொழியில் நன்கு தேர்ந்த சிலர் ஆங்கிலம் பேசுகையில் இன்னும் கலகலப்பானவர்களாகத் தெரிகிறார்கள் என்று கண்ட ஆராய்ச்சியும் உண்டு. ‘நன்கு தேர்ந்த’ என்பதை மறந்துவிடக் கூடாது. நம் முதலாண்டுத் தம்பிமார் அந்த நிலைக்கு இனிமேல்தான் வரப்போகிறார்கள்.

‘ஆளுமை’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வகுப்பில் கொடுக்கவிருக்கும் வினாத்தாளை நண்பர் காட்டினார். இத்தகைய தாள்களின் மூலத்தைத் தேடிப்போனால், 1936இல் ஆல்போர்ட்டும் ஆட்பர்ட்டும் ஓர் ஆங்கில அகராதியிலிருந்து பொறுக்கியெடுத்த ஏறத்தாழ 18,000 குணச்சொற்களில் போய் நிற்போம். அவற்றைச் சுருக்கிச் சுருக்கித்தான் பின்வந்தவர்கள் ஐந்து பெருங்குணங்களுக்கு வந்தார்கள். வேறு பல மொழிகளிலும் அவை பெரும்பாலும் தேறின என்பார்கள், இருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் ‘ஷை’ என்று ஒரே கட்டம் இருக்கிறது. பெரியவர் முன் காட்டும் அடக்கமும், புதியவரிடம் வரும் கூச்சமும், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற அச்சமும், சொல் கிடைக்காத திண்டாட்டமும் எல்லாம் அந்த ஒரு கட்டத்துக்குள் போய் விழ வேண்டும். கடைசியாகச் சொன்னது குணமே அல்லவே! ஆறு மாதப் பயிற்சியில் தீர்ந்துபோகும் ஒரு குறையை ஒருவனுடைய சுபாவம் என்று எழுதிக் கையில் கொடுத்தால், அவன் அதை நாலு வருடம் சுமப்பான்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் இங்கே பட்டமும் இல்லை, பிழைப்பும் இல்லை. நான் கேட்பது முறை மாற்றம். பாடத்தை முதலில் தமிழில் வாதாடித் தீர்த்துக்கொள்ளட்டும், மேசை காலியாகிவிடும். பிறகு அதே விடையை ஆங்கிலத்தில், சிறு வாக்கியங்களாக, நம் முன்னாலேயே நான்கு முறை சொல்லிப் பழகட்டும். தப்பு வந்தால் சிரிக்காதிருப்பது நம் பொறுப்பு. வினாத்தாளைக் கைவிட வேண்டும், உண்டியலும் வேண்டாம்.

செயற்குழு ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும், வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு விடுதி வாசகசாலையின் பின்மேசையில் நான் இருப்பேன். இயற்பியல், கணக்கு இரண்டுக்கும் வரலாம். அந்த இரும்புக் கட்டில் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். முதல் கேள்விக்கு அவன்தான் விடை சொல்லப்போகிறான், முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும்.