கார்க் கண்ணாடியும் மருத்துவர் கடிதமும்

லூபஸ் நோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் அவ்வப்போது எங்களிடம் ஒரு கடிதம் கேட்கின்றனர். பள்ளத்தூரிலிருந்து பரிசோதனைக்காக மதுரைக்குக் காரில் போய்வருவதற்குள் முகமும் முன்கையும் சிவந்து தடித்துவிடுகின்றன. எனவே கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்ட விரும்புகின்றனர். காவலர் நிறுத்தினால் காட்டுவதற்கே அக்கடிதம். கோரிக்கை நியாயமானதே. ஆயினும் நாங்கள் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் அது செல்லாது.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதியின்படி, முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத ஒளியையும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் உள்ளே விட வேண்டும். அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், எந்த அளவு ஒளியை விடுவதாயினும் ஃபிலிம் ஒட்டவே கூடாது என்றது. வாகனத்துக்குள் நடக்கும் குற்றம் வெளியே தெரிய வேண்டும் என்ற காரணத்தை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் இசட், இசட் பிளஸ் பாதுகாப்புப் பெற்றோரின் விலக்கைப் பரிசீலிக்க ஒரு குழுவுக்கு அத்தீர்ப்பே இடமளித்தது. நோயாளிக்கு அத்தகைய வழி எதுவும் வைக்கப்படவில்லை. எங்கள் மனக்குறை இதுதான். அமெரிக்காவில் பல மாநிலங்கள் மருத்துவச் சான்றின் பேரில் விலக்கு அளிக்கின்றன.

உண்மையில் நோயாளியைக் காப்பது கறுப்பு நிறமன்று. முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்யப்படுவதால், 'ஏ' வகைப் புற ஊதாக் கதிர்களை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடுகிறது. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் ஒற்றைத் தகடே. 'பி' வகைக் கதிர்களை நிறுத்தினாலும் 'ஏ' வகையில் கணிசமான பகுதியை உள்ளே விட்டுவிடும். அவற்றைத் தடுக்க நிறமற்ற, தெளிவான ஃபிலிமே போதும். உள்ளே அமர்ந்திருப்பவரின் முகமும் வெளியே தெரியும், காவலருக்கும் இடையூறில்லை. (கண்ணுக்குப் புலனாகும் ஊதா ஒளியே ஊறு செய்யும் சில போர்ஃபிரியா நோயாளிகளுக்கு மட்டும் இது போதாது.) ஆகவே நாங்கள் கேட்கும் விலக்கு மிகச் சிறியது: அரசு மருத்துவர் குழு சான்றளித்தவரின் வாகனத்தில், விதி கூறும் ஒளியளவுக்குக் குறையாத தெளிவான ஃபிலிம்.

2021 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தை முன்வைத்து, ஒளியளவு குறையாத ஃபிலிமை ஒட்டலாம் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2024இல் கூறியுள்ளது. நம்பிக்கையளிக்கும் செய்திதான், எனினும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நம் சாலைகளில் வாதிடுமாறு நாங்கள் எவருக்கும் சொல்லமாட்டோம்.

அதுவரை, பின் இருக்கையில் நடுவில் அமருங்கள். முழுக்கை ஆடை அணியுங்கள். 'ஏ' வகைக் கதிரையும் தடுக்கும் களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள். வெயில் ஏறுமுன் வந்து சேரும் நேரத்தையே முன்பதிவில் கேளுங்கள்; வெயில் ஒவ்வாமை உள்ளதென்று அப்போதே தெரிவித்துவிடுங்கள்.