மணிக்கூடு வாங்குங்கோ, ஆனால் அதை மட்டும் நம்பி கயாக் இறக்காதேங்கோ

இந்த வார எபிசோடில ஸ்மார்ட் வோச்சுகளை அலசினோம். கடல் கயாக் ஓடுற நண்பர்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்விக்கு மட்டும் நேரம் போதவில்லை: "ரைட் காட்டுற மணிக்கூடு வாங்கவேணும், எது நம்பிக்கையானது?" என்ர பதில் கனபேருக்குப் பிடிக்காது. அந்த மணிக்கூடு எந்தக் கணக்கை வைத்து நேரம் காட்டுது என்று தெரிந்தவருக்குத்தான் அது உதவும். தெரியாதவருக்கு 600 பவுண் மணிக்கூடும் ஒரு வளையல்தான்.

ரைட்டுக்கு ஊரில் வற்றுப்பெருக்கு என்று பெயர். கடல் ஏறினால் பெருக்கு, இறங்கினால் வற்று. யாழ்ப்பாணக் கரையில் இரண்டுக்கும் இடையிலான உயர வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் உங்கட அப்பா கடற்கரையில் வளர்ந்தவராக இருந்தாலும், காற்றையும் அலையையும் பற்றிச் சொல்லித்தந்த அளவுக்கு இதைப் பற்றிச் சொல்லித்தந்திருக்கமாட்டார். இங்கே பிரிஸ்டல் பக்கம், செவேர்ண் முகத்துவாரத்தில், அதே வித்தியாசம் பெரிய நாட்களில் சுமார் 14 மீற்றர். நாலு மாடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறி இறங்குது.

சந்தையில் மூன்று வகை மணிக்கூடு இருக்கு.

முதல் வகையில் ஒரு முள் 12 மணித்தியாலம் 25 நிமிடத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும். அது வெறும் சராசரி. பறுவம், அமாவாசையை ஒட்டிய நாட்களில் பெருக்கு அந்தச் சராசரியைவிடக் குறைவாகத் தள்ளிப்போகும், அரைநிலா நாட்களில் கூடத் தள்ளிப்போகும். முள்ளுக்கு இது தெரியாது. பெருக்கு இரட்டை உச்சம் காட்டுகிற சவுத்தாம்டனில் அது இன்னும் திண்டாடும்.

இரண்டாவது வகை, கசியோ ஜி-லைட் போன்றவை. சந்திரனின் நிலையையும் நீங்கள் கொடுத்த இடத்துக்கான ஒரு எண்ணையும் வைத்து வரைபடம் காட்டும். வழிகாட்டலுக்குப் பயன்படுத்தவேண்டாம் என்று அதன் கையேடே சொல்லுது.

மூன்றாவது வகை, கார்மின் போன்றவையும், 2024இல் வந்த வோச்ஓஎஸ் 11இன் ரைட்ஸ் ஆப்பும். இவை குறிப்பிட்ட இடத்துக்கான முன்கணிப்பை எடுத்துக் காட்டும். அந்த முன்கணிப்பு சாதாரண வேலை இல்லை. சந்திரன், சூரியனின் இழுவையில் இருந்து வருகிற பல அலைவுகளைக் கூட்டிப் போடுகிற கணக்கு அது. 1944 நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு ஆர்தர் டூட்சன் அதைத்தான் லிவர்பூல் பக்கத்தில் சக்கரங்களும் கப்பிகளும் கொண்ட இயந்திரத்தில் போட்டார். வாங்கினால் இந்த வகையை வாங்குங்கோ.

ஆனாலும் இரண்டு விசயத்தை இந்த முன்கணிப்பு உங்களுக்குச் சொல்லாது. ஒன்று, காலநிலை. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் சுமார் ஒரு சென்ரிமீற்றர் உயரும், கூடினால் தாழும். மற்றது, ஓட்டம். தண்ணீர் உச்சத்தில் நிற்கிற நேரமும் ஓட்டம் நிற்கிற நேரமும் பல இடங்களில் ஒன்றில்லை. வேல்ஸில் மெனாய் நீரிணையை அந்த நினைப்போடு கடக்கப் போனால், தண்ணீர் உங்களைத் தான் நினைத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும்.

ஆகவே மணிக்கூட்டைவிட முக்கியமான ஒரு மனக்கணக்கு: பன்னிரண்டில் ஒரு பங்கு விதி. வித்தியாசம் 12 மீற்றர் என்றால், ஆறு மணித்தியாலத்தில் தண்ணீர் முறையே 1, 2, 3, 3, 2, 1 மீற்றர் நகரும். நடுவில் இரண்டு மணித்தியாலத்தில் மட்டும் 6 மீற்றர். முதல் மணித்தியாலத்தைப் பார்த்து "மெதுவாத்தானே இறங்குது" என்று நினைக்கிறவர்தான் சேற்றில் மாட்டுவார்.

வாங்கும்போது நான் பார்க்கிறது இவ்வளவும்தான். போன் இல்லாமல், சிக்னல் இல்லாமல் தரவைக் காட்டுமா? துறைமுகத்தின் பெயர், நேரம், மீற்றரில் உயரம் மூன்றும் இருக்கா, அல்லது அழகான வளைகோடு மட்டுமா? தரவு எப்ப எடுத்தது என்று தெரியுமா? எங்கட வேலையில் எவ்வளவு பழையது என்று தெரியாத கஷேயை யாரும் நம்பமாட்டார்கள், கடலில் மட்டும் ஏன் நம்பவேணும்? கையுறையோடு அழுத்தக்கூடிய பட்டன் இருக்கா? ஈரக் கையில் டச் ஸ்கிரீன் குழம்பும். 100 மீற்றர் நீர்த்தாங்குதிறன் இருக்கா?

பிறகு, காலையில் அட்மிரால்டி ஈஸிரைட்டில் அன்றைய நேரங்களைப் பாருங்கோ. அது ஜிஎம்டியா கோடைகால நேரமா என்று கட்டாயம் கவனியுங்கோ, அந்த ஒரு மணித்தியாலம் பெரிய வித்தியாசம். மெழுகுப் பென்சிலால் கயாக்கின் மேல்தட்டில் எழுதுங்கோ. அதற்கு பற்றரி தேவையில்லை. மணிக்கூடு அதைச் சரிபார்க்கிற இரண்டாவது சாட்சியாக இருக்கட்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இறங்கவேண்டாம்.

இதெல்லாம் கொஞ்சம் மிகையாகத் தெரிகிறதா? 2004 பெப்ரவரி 5 இரவு, மோர்கம் குடாவில் சிப்பி பொறுக்கப்போன குறைந்தது 21 சீனத் தொழிலாளர்கள் பெருக்கில் அகப்பட்டு இறந்தார்கள். வேறு நாட்டில் இருந்து வந்தவர்கள், அந்தக் கடலைத் தெரியாதவர்கள். எங்கட குடும்பங்களும் வேறு கடலோரத்தில் இருந்து வந்ததுதான். இங்கத்தைய கடலை எங்களுக்குச் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. நாங்களே படித்து, தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்லிக்கொடுக்கவேணும்.

கடைசியாக, போகிற இடத்தையும் திரும்பி வருகிற நேரத்தையும் கரையில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கோ. நேரத்துக்கு வராவிட்டால் அவர் 999 அழைத்து கோஸ்ட்கார்ட் வேணும் என்று கேட்கட்டும். அம்மாவிடம் சொன்னால் திட்டு விழும். பரவாயில்லை, நேரத்தை மறக்காத ஆள் அவதான்.