வட்டியில் முடியும் வைத்தியம்

ஜும்ஆ முடிந்ததும் ஓர் ஏழைச் சகோதரரின் அறுவை சிகிச்சைக்காகத் துண்டு விரிக்கப்படுவது நம் பள்ளிவாசல்களில் வழமையாகிவிட்டது. அதில் சேர்வது சில ஆயிரங்கள். தனியார் மருத்துவமனை கேட்பதோ இலட்சங்கள். எஞ்சியதை நகை அடகும் வட்டிக் கடனுமே நிரப்புகின்றன.

வட்டி கலந்தது என்பதால் வணிகக் காப்பீட்டை நம்மில் பலர் தவிர்க்கிறோம். அப்பேணுதல் மதிக்கத்தக்கதே. ஆனால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பம் பிரீமியம் செலுத்துவதில்லை, அரசே செலுத்துகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள், ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை, பட்டியலிலுள்ள சிகிச்சைகளை அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் பெறலாம். இதனை அரசின் உதவியாகவே நாம் காண்கிறோம். ஐயமுள்ளோர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியட்டும். வட்டிக்கு அஞ்சி இதனையும் ஒதுக்கியவர், இறுதியில் வட்டிக்கடை வாசலில் நிற்க நேர்வது எத்தகைய அவலம்!

எனவே, அட்டையில்லாத வீடுகளை ஜமாஅத் நிர்வாகிகள் கணக்கெடுக்க வேண்டும். வருமானச் சான்று பெற்றுத் தந்து, பதிவு மையத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். திட்டத்தில் அடங்காத செலவுகளுக்கு பைத்துல்மால் துணை நிற்கட்டும். ஜகாத் பெறும் எட்டு வகையினருள் கடனாளிகளும் உள்ளனர் (9:60) என்பதை மறவாதிருப்போம்.

அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும் நமக்கு முன்யோசனையையும் அருள்வானாக!