நாயை நாய் கடித்தால்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இருவகை நாய்களைக் காணலாம். ஒன்று, தொழிற்சாலை மதிலுக்கு உள்ளே காவலுக்கென வளர்க்கப்படும் உயர்சாதி நாய். மற்றொன்று, மதிலுக்கு வெளியே தேநீர்க்கடைப் பொறையில் வளரும் நாட்டு நாய். லாரிக்காகக் கதவு திறக்கும் அரை நிமிடத்தில் முன்னது பாய்ந்து பின்னதன் கழுத்தைக் கவ்விவிட்டால் யார் பொறுப்பு?

என் மாணவர் ஒருவரின் வீட்டு நாய்க்கு நேர்ந்தது இதுதான். தையலுக்கும் வெறிநாய்க்கடி ஊசிகளுக்கும் அந்தக் குடும்பத்தின் ஒரு வார வருமானம் கரைந்தது. தொழிற்சாலையில் கிடைத்த பதில்: "நாய்க்கும் நாய்க்கும் சண்டை. நாங்கள் என்ன செய்ய?"

திமிரான பதில்தான். ஆனால் குற்றவியல் சட்டத்தைப் பொறுத்தவரை ஏறக்குறையச் சரியான பதிலும் கூட. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. அது காக்க முனைவது மனிதரை மட்டுமே. 325-ஆம் பிரிவு விலங்கைக் கொல்பவரையும் ஊனப்படுத்துபவரையும் ஐந்தாண்டு வரை தண்டிக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 428-ஆம் பிரிவு, விலங்கு பத்து ரூபாயாவது பெறவேண்டும் என்றது. அந்த வெட்கக்கேடு இப்போது இல்லை. ஆனால் தீய நோக்கமோ, தீங்கு விளையும் என்ற அறிதலோ இருந்ததாக நிறுவவேண்டும். கதவைச் சாத்த மறந்துவிட்டோம் என்றால் வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

மிஞ்சுவது உரிமையியல் வழக்கு. கவனக்குறைவால் விளைந்த நட்டத்துக்கு ஈடு கேட்கலாம். ஆனால் அங்கே நாய் ஓர் உடைமை. உடைமை என்றதும் விலை என்ன என்ற கேள்வி வந்துவிடும். ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் விலை உண்டு. பொறை தின்று வளர்ந்ததற்கு? மருத்துவச் செலவையாவது கேட்கலாமே எனில், பொன்னேரிக்கோ திருவள்ளூருக்கோ வாய்தாவுக்கு அலையும் பேருந்துக் கட்டணமே அதை விழுங்கிவிடும்.

நமக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. மனுநீதிச் சோழன் கதையை நாம் தந்தையின் தியாகமாகவே வகுப்பில் நடத்திவிடுகிறோம். சேக்கிழார் சொல்லும் கதையில் இளவரசனுக்குக் கன்றைக் கொல்லும் நோக்கம் இல்லை. கன்றுதான் தேர்க்காலில் புகுந்தது. கழுவாய் செய்தால் போதும் என்று அமைச்சர் சொன்னதை அரசன் ஏற்கவில்லை. நோக்கம் இல்லை என்பதும் இறந்தது விலங்கு என்பதும் அவனுக்குச் சமாதானமாகவில்லை. அவன் அளித்த தண்டனையை நான் வேண்டவில்லை; அவன் ஏற்ற பொறுப்பை வேண்டுகிறேன். (அவன் சிலை சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில்தான் நிற்கிறது.)

விவிலியத்தின் யாத்திராகமம் 21-ஆம் அதிகாரம் இன்னும் நடைமுறை சார்ந்தது. ஒருவன் மாடு இன்னொருவன் மாட்டை முட்டிக் கொன்றால், உயிரோடிருப்பதை விற்ற பணத்தையும் இறந்ததையும் இருவரும் பங்கிட வேண்டும். முட்டும் மாடு என்று தெரிந்தும் கட்டிவைக்காதவன் முழுமாடு தரவேண்டும். ஆங்கிலேயப் பொதுச்சட்டமும், விலங்கின் மூர்க்கம் உரிமையாளருக்கு முன்பே தெரியுமா என்றுதான் கேட்டது. காவலுக்கென்றே மூர்க்கமாகப் பழக்கிய நாயைப் பற்றி, தெரியாது என்று எந்த நிர்வாகம் சொல்ல முடியும்?

தெருநாய்கள் கொன்ற ஆடுகளுக்கு இழப்பீடு தருவதாக 2025-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. உரிமையாளரே இல்லாத நாயின் கடிக்கு அரசு பொறுப்பேற்கும்போது, உரிமையாளர் உள்ள நாயின் கடிக்கு ஏன் ஒருவரும் பொறுப்பில்லை? என் நாயும் கட்டற்றுத் திரிந்ததே என்று எதிர்வாதம் வரும். நியாயம்தான், அதற்கேற்பத் தொகையைக் குறைக்கட்டும். ஆனால் நாயின் விலையைக் கேட்க வேண்டாம். வளாகத்தை விட்டு வெளியேறிய காவல்நாய் கடித்தால், கால்நடை மருத்துவர் தரும் ரசீதுக்கு வளர்ப்பவர் பணம் கட்டவேண்டும் என்ற ஒரு வரியை நாய் வளர்ப்பு உரிமத்தில் உள்ளாட்சி அமைப்புகள் சேர்த்தால் போதும். உரிமம் வாங்காத நிறுவனத்திடம் இரட்டிப்பாக வசூலிக்கலாம்.