தொட்டில் வைக்க எங்கே இடம்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை பெற்றவர்களும் பெறப் போகிறவர்களும் பொறுமையாக வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

எங்கள் வீட்டில் இரண்டாவது பிள்ளை பிறந்து நாற்பது முடிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பார்க்க வந்தவர்கள் பிள்ளையைப் பார்த்த கையோடு எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கட்டிலையும் பார்த்தார்கள். மரச் சட்டம், தட்டையான கெட்டி மெத்தை, அதன்மேல் இறுக்கி இழுத்துவிட்ட ஒரு விரிப்பு. அவ்வளவுதான். தலையணை இல்லை. சுற்றிவரப் பஞ்சு வைத்த தடுப்பு இல்லை. பொம்மை இல்லை, போர்வை இல்லை.

"என்ன டீச்சர், ரெண்டு பேரும் அரசாங்கச் சம்பளம் எடுக்கிறீங்க, பிள்ளைக்கு ஒரு தலையணை வாங்க ஏலாதா?" என்று ஒருவர் சிரித்தார். "ஜெயில் மாதிரி இருக்கு" என்றார் இன்னொருவர். மாமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த நாளே அலுமாரியிலிருந்து பூப்போட்ட தலையணை ஒன்றை எடுத்து வந்து வைத்தார். நாங்கள் அதை எடுத்தோம். அவர் வைத்தார். நாங்கள் எடுத்தோம். ஒரு வாரம் வீட்டில் பேச்சு வார்த்தை சரியில்லை.

அன்று சொல்லாத பதிலை இங்கே சொல்கிறோம்.

முதல் பிள்ளைக்கு நாங்களும் "நல்ல" கட்டில்தான் வாங்கினோம். ஐந்து வருடத்துக்கு முன்பு, டவுன் கடையொன்றில், தவணைக்கு. இறக்குமதிச் சாமான். நாலு பக்கமும் பஞ்சு மெத்தைத் தடுப்பு, குட்டித் தலையணை, இரண்டு உருளைத் தலையணை, தலைக்கு மேல் ஆடும் பொம்மைகள். மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போனது. போட்டோ எடுத்துப் போட்டோம். நிறைய லைக் வந்தது.

பிள்ளைக்கு நாலு மாதம் இருக்கும்போது ஒரு நாள் ஸுபஹுக்கு எழும்பினோம். பிள்ளை புரண்டு போய், அந்தப் பஞ்சுத் தடுப்புக்குள் மூக்கும் வாயும் அழுந்தக் கிடந்தது. தூக்கியதும் அழுதது. அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நாங்கள் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. யாருக்கும் சொல்லவில்லை. படித்த ஆட்கள், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆட்கள், காசு கொடுத்து ஆபத்தை வாங்கி அறைக்குள் வைத்திருந்தோம் என்று சொல்ல வெட்கம். இன்றுதான் சொல்கிறோம்.

கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் குழந்தை உளவியல் படித்தோம். பியாஜேயின் பருவங்களை இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வோம். ஒரு பிள்ளையை எப்படிப் படுக்க வைப்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் தேடித் தேடி வாசித்தோம்.

வாசித்ததில் முதலாவது விஷயம் இது. ஒரு காலத்தில் மேல்நாட்டு டாக்டர்மாரே பிள்ளையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள். நோயே இல்லாத பிள்ளைகள் தூக்கத்திலேயே இறந்தார்கள். 1991 இல் பிரித்தானியாவிலும் 1994 இல் அமெரிக்காவிலும் "மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்று பெரிய பிரசாரம் செய்தார்கள். சில வருடங்களிலேயே அந்த மரணங்கள் அரைவாசி அளவுக்குக் குறைந்தன. புது மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. படுக்க வைக்கிற விதத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, "பிராண்ட் சாமான் என்றால் பயமில்லை" என்பவர்களுக்கு. உலகத்தில் பெயர் போன ஃபிஷர்-பிரைஸ் கம்பனி 2009 இல் சாய்வான தொட்டில் ஒன்றைச் சந்தைக்கு விட்டது. தலைப்பக்கம் உயர்ந்து, பிள்ளை சாய்ந்து தூங்கும். பெற்றார் விரும்பி வாங்கினார்கள். 30க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்த பிறகு, 2019 ஏப்ரலில், சுமார் 47 இலட்சம் தொட்டில்களைத் திருப்பிக் கேட்டார்கள். சாய்வில் படுக்கும்போது பச்சைப் பிள்ளையின் தலை முன்னால் விழும், நாடி நெஞ்சில் முட்டும், மூச்சுக் குழாய் மடங்கும். புரண்டால் மூக்கு மெத்தையில் அழுந்தும். 2022 மே மாதம் அமெரிக்காவில் சட்டமே வந்தது. பத்துப் பாகைக்கு மேல் சாய்ந்த தூக்கத் தொட்டிலும், கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பும் விற்கவே கூடாது.

அங்கே விற்கத் தடைசெய்த அந்தப் பஞ்சுத் தடுப்பு இங்கே கடைக் கண்ணாடிக்குள் "டீலக்ஸ் செட்" என்ற பெயரில் தொங்குகிறது. பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் அதைத்தான் பரிசாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். கொடுக்கிறவர்களின் அன்பில் குறை இல்லை. பொருளில்தான் குறை.

ஆகவே, எங்கள் கட்டில் வெறுமையாக இருப்பது கஞ்சத்தனம் இல்லை. பச்சைப் பிள்ளையின் படுக்கை வெறுமையாகத்தான் இருக்க வேண்டும்.

கட்டில் தேடுகிறவர்கள் இதைக் குறித்து வையுங்கள்.

பிள்ளையின் படுக்கை தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதத்துக்கு அதே அறையில், ஆனால் தனிப் படுக்கையில். சத்திரசிகிச்சை செய்து பிள்ளை பெற்ற தாய், இறம்பொடைக் குளிரில் இரவு நாலு முறை எழும்பிப் பால் கொடுக்க வேண்டும் என்றால் கைக்கெட்டும் தூரத்தில் பிள்ளை இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

மெத்தை தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். கையால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கக் கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை அந்தக் கட்டிலுக்குரியது இல்லை. பக்கச் சட்டங்களுக்கு இடையில் ஆறு சென்டிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் திறந்து எங்கள் கட்டிலோடு சேர்க்கும் வகை என்றால், இரண்டு மெத்தையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், அசையாமல் இறுக்கிக் கட்ட வேண்டும், நடுவில் வெடிப்பு இருக்கவே கூடாது. பிள்ளை கையை ஊன்றி எழும்பப் பார்க்கும் நாளில் அந்த வகைக் கட்டிலை ஒதுக்கிவிட வேண்டும்.

குளிர் என்று பயந்து தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டு, மேலே மூன்று போர்வை போட்டு மூடாதீர்கள். உடுப்பை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போடுங்கள். பிடரியிலும் நெஞ்சிலும் கை வைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் சூடு அதிகம். பிள்ளை தூங்கும் அறையில் சிகரட் வேண்டாம், அடுப்புப் புகையும் வேண்டாம். பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் தூங்கிவிடுவது எல்லாவற்றையும் விட ஆபத்து.

இதற்கெல்லாம் இறக்குமதிக் கட்டில் தேவையில்லை. எங்கள் கட்டிலைப் பக்கத்து ஊர் மரவேலை பாஸ் ஒருவர்தான் செய்து தந்தார். அளவைத் தாளில் எழுதிக் கொடுத்தோம். முதல் கட்டிலுக்குக் கொடுத்த காசில் பாதி கூட ஆகவில்லை.

"அந்தக் காலத்தில் நாங்கள் சேலைத் தொட்டிலில்தானே வளர்ந்தோம், செத்தா போனோம்?" என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. நாங்களும் அதில்தான் வளர்ந்தோம். ஆனால் வளர்ந்தவர்கள் மட்டும்தானே இன்று வந்து சாட்சி சொல்ல முடியும்? வளராமல் போனவர்களின் கணக்கை "காத்துக் கறுப்பு", "நசீபு" என்று எழுதி மூடிவிட்டோம். சேலைத் தொட்டிலை நாங்கள் பழிக்கவில்லை. தாய் பக்கத்திலிருந்து ஆட்டித் தாலாட்டும் அரை மணி நேரத்துக்கு அது அழகுதான். ஆனால் துணி வளைந்து பிள்ளையின் முதுகு கூனும், நாடி நெஞ்சில் முட்டும். அந்த விலையுயர்ந்த சாய்வுத் தொட்டிலில் இருந்த அதே ஆபத்துத்தான் இதிலும். ஆள் இல்லாத நேரத்திலும் இரவு முழுக்கவும் அதில் விடாதீர்கள். பெரிய பிள்ளைகள் அதில் ஏறிச் சுழன்று விளையாடவும் விடாதீர்கள். துணி கழுத்தில் முறுகிவிடும்.

இவ்வளவும் எழுதிவிட்டு நாங்கள் நல்ல பெற்றார் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். முடியவில்லை. காரணம், போன மாதம் எங்களைப் பார்க்க வந்த ஒரு தாய்.

எங்கள் வகுப்புப் பிள்ளையின் அம்மா. தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அவருக்கும் கைக்குழந்தை. எங்கள் சின்னக் கட்டிலைத் தடவிப் பார்த்தார். நாங்கள் உற்சாகமாக மேலே சொன்னதையெல்லாம் அவருக்கும் சொன்னோம். பிள்ளையைத் தனியாகப் படுக்க வையுங்கள் அக்கா, உங்கள் பக்கத்திலேயே வையுங்கள் என்றோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்: "மிட்வைஃப் மிஸ்ஸும் அதத்தான் சொன்னாங்க டீச்சர். எங்க வைக்கிறது?"

எங்களுக்கு வாய் அடைத்துவிட்டது. அவர் இருப்பது லயத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள் மாமனார், மாமியார், புருஷன், மூன்று பிள்ளைகள், அவர். ஒரே கட்டில் வயசானவர்களுக்கு. மற்றவர்கள் எல்லோரும் நிலத்தில் வரிசையாக, ஒரே கம்பளிக்குள். எங்கள் சின்னக் கட்டிலை அப்படியே தூக்கிக் கொடுத்திருந்தாலும் அதை வைத்தால் கதவு திறக்காது.

பாதுகாப்பான தூக்கம் பற்றி எழுதுகிறவர்கள், போஸ்டர் அடிக்கிறவர்கள், எங்களையும் சேர்த்துத்தான், பிள்ளைக்கு ஓர் அறை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறோம். இடமே இல்லாதவரிடம் போய் "தனிப் படுக்கையில் வையுங்கள்" என்பது அறிவுரை இல்லை. பழியை முன்கூட்டியே தாயின் தலையில் கட்டிவைப்பது. நாளைக்கு ஒன்று நடந்தால் "சொன்னோமே, கேட்கவில்லை" என்று கையைக் கழுவலாம் அல்லவா?

2023 இல் மலையகம் 200 என்று மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம், பேசினோம், எழுதினோம். 200 வருடத்தில் வெள்ளைக்காரன் கட்டிய காம்பராவின் அளவு மாறவில்லை. 2017 இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து 10,000 வீடு என்றார். அதன் முதற்கட்டமாக 1,300 வீடுகளுக்கு வேலை தொடங்கும் விழா நடந்தது 2024 பெப்ரவரியில். அறிவித்த வருடத்தில் பிறந்த பிள்ளை அதற்குள் பாடசாலைக்கே வந்துவிட்டது. காணி உறுதியோடு வீடு என்பதுதான் உண்மையான மருந்து. அதைக் கேட்பதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. ஆனால் இன்றிரவு பிறக்கும் பிள்ளை வீடு வரும் வரை காத்திருக்குமா?

காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு இரண்டு நாடுகள் சாட்சி. பின்லாந்து இன்றைய பணக்கார நாடாக இல்லாத காலத்தில், 1938 இல், ஏழைத் தாய்மாருக்குப் பிள்ளைச் சாமான் நிறைந்த பெட்டி ஒன்றைக் கொடுக்கத் தொடங்கியது. 1949 இலிருந்து எல்லாத் தாய்மாருக்கும். சாமானை எடுத்துவிட்டால் அந்தக் காட்போட் பெட்டிதான் பிள்ளையின் முதல் படுக்கை. உள்ளே அளவான மெத்தையும் உண்டு. நியூசிலாந்தில், குடும்பமாகச் சேர்ந்து படுக்கும் மவோரி மக்களிடம் "உங்கள் வழக்கத்தை விடுங்கள்" என்று சொல்லிப் பலனில்லை என்று கண்டவர்கள், அவர்களுடைய நாரிலேயே பின்னிய சின்னக் கூடைப் படுக்கையைக் கொண்டுவந்தார்கள். பிள்ளை பெரியவர்களின் பாயிலேயே, ஆனால் தன் கூடைக்குள் தூங்கும். யாரும் மேலே புரள முடியாது. 2011 இல் கிறைஸ்ட்சேர்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு, நெருக்கியடித்துத் தூங்கிய குடும்பங்களுக்குச் சாதாரண பிளாஸ்டிக் பெட்டியில் மெத்தை வைத்தே கொடுத்தார்கள்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது எங்கள் நுவரெலியா மாவட்டத்தில் எத்தனை குடும்பங்கள் மண்சரிவுக்குப் பயந்து பாடசாலைகளில் படுத்தன என்று எல்லோருக்கும் தெரியும். அரிசி வந்தது, பருப்பு வந்தது, பாய் வந்தது. பச்சைப் பிள்ளைக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கும்தான் தோன்றவில்லை.

எங்கள் கேள்வி இதுதான். இந்த நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. வீடு வீடாகப் போகும் மருத்துவ மாது இருக்கிறார். திரிபோஷ கொடுக்கும் கிளினிக் இருக்கிறது. தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. கொடுக்கும் வழி முழுவதும் ஏற்கெனவே திறந்திருக்கிறது. லயத்துக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு தட்டையான பெட்டியும் ஒரு கெட்டி மெத்தையும் போக என்ன தடை? தோட்டக் கம்பனிகளிடம் கேளுங்கள். தொழிற்சங்கங்களிடம் கேளுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள்.

எங்கள் சமூகத்துக்கும் ஒரு வார்த்தை. அகீகாவுக்கு ஆடு அறுத்துப் பங்கு வைக்கும்போது அயலில் லயத்தில் பிறந்த பிள்ளையையும் நினையுங்கள். பிள்ளை பார்க்கப் போகும்போது பஞ்சுத் தடுப்பு வாங்கும் காசுக்கு ஒரு கெட்டி மெத்தை வாங்குங்கள்.

அந்த அக்காவுக்கு எங்கள் பாஸிடமே சொல்லி, காலில்லாத, விளிம்பு உயர்த்திய ஒரு பலகைப் பெட்டி செய்து கொடுத்தோம். இரவில் பாயில் அவருக்குப் பக்கத்தில், பகலில் சுவரில் சாத்தி. காம்பராவுக்குள் அடங்குகிறது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு பெட்டிக்கு எங்களால் முடிந்தது. மற்றப் பெட்டிகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்கத்தான் சொல்கிறோம்.

சரியென்று பட்டால் பகிருங்கள். பிழையென்று பட்டால் பிழை எது என்று எழுதுங்கள். ஆனால் பிள்ளையின் கட்டிலில் இருக்கும் தலையணையை முதலில் எடுத்துவிட்டு வந்து எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.