மேலிருந்து பார்த்தால் போதுமா?

2023ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் பட்டப்பகலில் நியூயார்க் வானம் செம்மஞ்சளாக மாறிற்று. காரணம், கனடாவின் கியூபெக் காடுகளில் பற்றிய தீ! அங்கிருந்து கிளம்பிய புகையை, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்ற ‘கோஸ்-16’ செயற்கைக்கோள் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை படம் பிடித்தது. பகல் படத்தில் மேகம் வெண்மையாகவும் புகை மங்கிய பழுப்பாகவும் தெரியும். இரவில் இது பலிப்பதில்லை. பாலைவனத் தூசியை இருட்டிலும் அகச்சிவப்புக் கதிர்களால் கண்டுகொள்ளலாம். மெல்லிய புகையோ அதற்கும் அகப்படாது.

இப்படங்களைக் கண்டு நாங்களும் வியந்தோம். ஆயினும் ஒன்றை அவை சொல்வதில்லை. புகை ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் போகிறதா, தெருவில் நடக்கும் குழந்தையின் மூக்கருகே இருக்கிறதா? அதைத் தரையில் வைத்த கருவிதான் சொல்லும். நியூயார்க்கில் அக்கருவிகள் இருந்தன. வெளியே வராதீர்கள் என்று மக்களை எச்சரிக்க முடிந்தது. சகாராவின் தூசியைச் சுவாசிக்கும் பல ஆப்பிரிக்க நாடுகளிலோ அவை மிகச் சில. விண்ணுக்கு மேலும் மேலும் கண்களை அனுப்புவோர், அந்நாட்டுப் பள்ளிக் கூரைகளில் ஆளுக்கொரு கருவியை முதலில் வைக்கட்டும் என்கிறோம் நாங்கள். செயற்கைக்கோளின் விலைக்கு முன் அதன் விலை எள்ளளவுதான்.