ராஜா மட்டும் எழுதலாமா?



அரையாண்டுத் தேர்வு முடியப்போகிறது என்றாலே பள்ளிகளில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். பேருந்தில் ஜன்னல் ஓரம் யாருக்கு என்று வகுப்பில் ஒரு சண்டை. கையில் புளியோதரை கட்டுவதா, தயிர் சாதமா என்று வீட்டில் ஒரு சண்டை. இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குத் தரங்கம்பாடி ஞாபகம் வந்துவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன், சுனாமிக்கும் முன்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போயிருந்தோம். காரைக்காலுக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் கடலை ஒட்டி இருக்கும் சின்ன ஊர் அது. முதலில் கடற்கரையில் உள்ள மாசிலாமணி நாதர் கோயிலுக்குப் போனோம். 1306-ல் பாண்டிய மன்னர் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் கட்டியது. அதன் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிட்டது. அங்குள்ள கல்வெட்டில் இந்த ஊரின் பழைய பெயரான ‘சடங்கன்பாடி’ இருக்கிறது. "எவ்வளவு பெரிய பொக்கிஷம் பார்த்தீர்களா!" என்று நானும் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

அடுத்து டேனிஷ் கோட்டை. தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, டென்மார்க் நாட்டுக்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை இது. மிளகு வாங்கிப் போக வந்தவர்கள், 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும் வரை 200 ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே இருந்துவிட்டார்கள். மேல்தளத்தில் நின்றால் மூன்று பக்கமும் காற்று அள்ளும். பிள்ளைகள் ஓடி ஆடி முடித்ததும் தலைகளை எண்ணினேன். ஒரு தலை குறைந்தது!

தேடிப் போனால், ஒரு மூலையில் காம்பஸ் முனையால் சுவரில் தன் பெயரைச் செதுக்கிக்கொண்டிருந்தான் ஒருவன். மூன்று எழுத்து முடிந்திருந்தது. கோபத்தில் சத்தம் போட்டுவிட்டேன். அவன் அழவில்லை. நிதானமாகக் கேட்டான்: "காலையில கோயில் சுவர்ல எழுதினதைப் பொக்கிஷம்னு சொன்னீங்களே டீச்சர்? ராஜா மட்டும் எழுதலாமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் என் வாயையே பார்க்கிறார்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சமாளித்துக் கூட்டிப்போய்விட்டேன். அது சரியில்லை. கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கோயில் கல்வெட்டுகள் பெரும்பாலும் பத்திரம் மாதிரி. யார் எந்த நிலத்தைக் கொடுத்தார்கள், எந்த விளக்கு எரிய வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்பதையெல்லாம் நாலு பேர் பார்க்கும் இடத்தில் வெட்டிவைத்தார்கள். பின்னால் வருபவர் யாரும் ஏமாற்றிவிடக் கூடாதே! ஊருக்குத் தேவைப்பட்ட எழுத்து அது. காம்பஸ் எழுத்து யாருக்குத் தேவை? எழுதினவனே மறுநாள் மறந்துவிடுவான்.

சுவர் மறக்காது. பழைய கட்டடங்களைச் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டினார்கள். மேலே இருக்கும் பூச்சுதான் அதற்குத் தோல். கடற்காற்றில் உப்பு இருக்கிறது. தோல் கீறிய இடத்தில் உப்பு ஈரம் உள்ளே போகும். வெயிலில் ஈரம் காயும், உப்பு மட்டும் உள்ளே தங்கிப் படிகமாகும். படிகம் வளர வளர இடம் போதாமல் சுவரை உள்ளிருந்தே நெட்டித் தள்ளும். பூச்சு உதிரும், பிறகு செங்கல்லும் பொடியாகும். மூன்று எழுத்துதானே என்று நினைக்கிறோம். ஆயிரம் பிள்ளைகள் வந்து மூன்று மூன்று எழுத்தாக எழுதினால்?

இதே தரங்கம்பாடியில் இன்னொருவரும் எழுதினார். 1706-ல் கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு. தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தான் படித்தார்கள். இருபத்து நான்கு வயது வாலிபர், உங்களைப் போன்ற வாண்டுகளோடு தரையில் உட்கார்ந்து ‘அ, ஆ’ எழுதிப் பழகினார்! பெரியவர்களுக்கு அது எவ்வளவு கூச்சமாக இருக்கும் தெரியுமா? பிறகு ஜெர்மனியிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை பெரிய பெரிய எழுத்துகளாக இருந்து காகிதத்தைத் தின்றதால், சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. அவர் 1718-ல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம் ராஜ வீதியில் இன்றும் இருக்கிறது. போனால் பாருங்கள்.

ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதத்தையும் சொல்ல வேண்டும். 400 ஆண்டுகள் கழித்தும் கோபன்ஹேகனில் உள்ள ஆவணக் காப்பகத்தில் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நம்மூர்க் கடிதத்தை அவர்கள் காப்பாற்றுகிறார்கள். அவர்கள் கட்டிய கோட்டையை நாம்?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது தரங்கம்பாடி மீனவர் குடியிருப்பில் பலர் உயிரிழந்தார்கள். பல வீடுகள் இருந்த இடம் தெரியவில்லை. கோட்டை நின்றது. அதன் பிறகு ஒருமுறை போயிருந்தேன். கோட்டைச் சுவரைப் பழுதுபார்த்துச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்த மூலையைத் தேடினேன். மூன்று எழுத்தைக் காணவில்லை. பக்கத்திலேயே, புத்தம் புதிதாக, ஓர் அம்பு போட்ட இதயமும் இரண்டு பெயர்களும் இருந்தன!

அந்த மாணவனுக்கு இப்போது உங்கள் வயதில் பிள்ளைகள் இருக்கக்கூடும். என் பதிலை அவனிடம் நேரில் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவனும் மறுபடி ஏதாவது மடக்கிக் கேட்டிருப்பான், கெட்டிக்காரன். நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் அவனுக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊரில் உள்ள பழைய கட்டடம் ஒன்றின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அதை யார் கட்டினார்கள் என்று தாத்தா, பாட்டியிடம் கேட்டுவிட்டு எழுதினால் இன்னும் சந்தோஷம்.